கேமராவுக்குத் திசை சொல்வது யார்?

திருநாவலூர்ப் பக்கம் ஓடும் கெடிலம் ஆறு கடலூரில் கடலைச் சேர்கிறது. அந்தக் கடலோரம் இரவில் வலை விரிக்கும் ஃபைபர் படகுகள், பெரிய கப்பலின் ரேடாரில் சரியாகத் தெரிவதில்லை. ஏன்? கண்ணாடியிழை ரேடார் அலையைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். கடலலையின் எதிரொலியில் படகு தொலைந்துபோகும்.

வெப்பக் கேமரா ஆளையும் எஞ்சினையும் அகச்சிவப்புக் கதிரால் பார்த்துவிடும். ஆனால் தூரம் சொல்லாது. பார்வைக் கோணமும் குறுகல். ரேடாரில் மங்கிய புள்ளி தெரிந்தால், அது படகா அலையா என்று கேமரா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

எப்படித் திரும்பும்? கப்பல் கருவிகள் பலவும் என்எம்இஏ 0183 முறையில், டாலர் குறியில் தொடங்கும் சிறு எழுத்து வரிகளாகப் பேசுகின்றன. வழக்கமான வேகம் நொடிக்கு 4,800 பிட். கேமரா இருப்பதோ ஈதர்நெட்டில். நடுவே ஒரு கேட்வே பெட்டி அந்த வரிகளை நெட்வொர்க்குக்கு மாற்றித் தருகிறது.

இலக்கு வடக்கிலிருந்து 70 டிகிரி, கப்பலின் முகப்பு 50 டிகிரி என்றால் கேமரா வலப்பக்கம் 20 டிகிரி திரும்பும். சிக்கலே இங்கேதான். முகப்புத் திசையைச் சாதாரண ஜிபிஎஸ்ஸிடம் கேட்கக் கூடாது. அது சொல்வது கப்பல் நகரும் திசை. நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால் மூக்கு வேறெங்கோ இருக்கும். கைரோ காம்பஸைத்தான் கேட்க வேண்டும். கேமராவைப் பொருத்தும்போது 2 டிகிரி பிசகினாலும், ஒரு கடல் மைலில் சுமார் 65 மீட்டர் தள்ளிப் பார்க்கும். படகின் நீளமே சில மீட்டர்தான்!

எந்த வயராலும் தீராதது ஒன்று உண்டு: வங்கக் கடலின் ஈரக்காற்று அகச்சிவப்பை விழுங்கும், மழை வந்தால் பார்வை இன்னும் சுருங்கும்.