வாசகர் முதலில், வருமானம் பிறகு: ஊரில் இருந்தே ஒரு வலைப்பதிவு

“இதுல நிஜமாவே காசு வருமாங்க?” வலைப்பதிவு, அதாவது பிளாக், என்று பேச்சு எடுத்தாலே முதலில் வரும் கேள்வி இதுதான். பதில்: வரும். ஆனால் மெதுவாக வரும். நேர் வழியை விடச் சுற்று வழியில்தான் அதிகம் வரும். இது தெரியாமல் இறங்குபவர்கள் மூன்றே மாதத்தில் விட்டுவிடுகிறார்கள், அல்லது “மாசம் லட்சம் சம்பாதிக்கலாம்” என்று ஆசை காட்டுபவரிடம் பணத்தைக் கட்டி ஏமாறுகிறார்கள். ஈரோடு மாவட்டம் சென்னிமலையில் கையில் ஒரு செல்போனோடு இருப்பவர் இதை எப்படிச் சரியாகத் தொடங்கலாம் என்று பார்ப்போம்.

கொங்கு நாட்டில் இருந்து ஒரு முன்கதை

தமிழில் வலைப்பதிவுகள் 2003-ல் எழுதப்படத் தொடங்கின. எழுதியவர்கள் பலர், ஆனால் யார் எங்கே எழுதுகிறார்கள் என்று படிப்பவருக்குத் தெரியவில்லை. இந்தக் குறையைத் தீர்க்க, கோவையைச் சேர்ந்த காசி ஆறுமுகம் 2004-ல் ‘தமிழ்மணம்’ என்ற திரட்டியை உருவாக்கினார். யார் புதிதாக எழுதினாலும் அதன் தலைப்பு அந்த ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். அமெரிக்கா, சிங்கப்பூர், இலங்கை, ஈரோடு என்று எங்கெங்கோ இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் படிக்க ஆரம்பித்தது இப்படித்தான்.

அதே 2004-ல் ஆக்ராவில் அமித் அகர்வால் வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் தொடர்பான சந்தேகங்களுக்கு ஆங்கிலத்தில் விடை எழுதத் தொடங்கினார். இந்தியாவின் முதல் முழுநேரத் தொழில்முறைப் பதிவர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் எழுதியது ஆங்கிலம் என்பதால் விளம்பர வருமானத்துக்குத் தொடக்கத்திலேயே வழி இருந்தது. தமிழுக்கு அந்த வழி தாமதமாகத்தான் திறந்தது. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழ்ப் பக்கங்களை ஏற்றது 2018 பிப்ரவரியில்தான்.

நடுவில் இருந்த 14 ஆண்டுகளும் தமிழ்ப் பதிவர்கள் விளம்பரக் காசை நம்பி எழுதவில்லை. ஆனாலும் வாசகர்களைச் சேர்த்தார்கள். இன்று தொடங்குபவருக்கும் வரிசை அதேதான்: முதலில் வாசகர், பிறகு வருமானம்.

எதை எழுதுவது?

ஊர் உலகத்துச் செய்தியை எல்லாம் எழுதினால் பெரிய நிறுவனங்களோடு போட்டி போட வேண்டிவரும். உங்களுக்குத் தெரிந்து, மற்றவருக்குத் தெரியாத ஒன்றை எழுதுங்கள்.

சென்னிமலை என்றால் கைத்தறிப் போர்வை. நீங்கள் தறிக்காரர் குடும்பம் என்றால், பாவு ஓட்டுவதில் இருந்து சாயம் நிற்பது வரை உங்களுக்குத் தெரியும். சென்னையில் இருந்து போர்வை வாங்க நினைப்பவருக்கு அது தெரியாது. “கைத்தறிப் போர்வையை முதல் தடவை எப்படித் துவைப்பது?”, “கைத்தறியையும் விசைத்தறியையும் எப்படி அடையாளம் காண்பது?” என்ற கேள்விகளுக்குத் தறியில் உட்காருபவர் சொல்லும் பதிலுக்குத் தனி மதிப்பு உண்டு.

மலைக்கோயிலும் அப்படித்தான். கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்பதால் வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். 1320 படி ஏற வயதானவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும், எங்கே உட்காரலாம், ஈங்கூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் எப்படி வருவது என்று ஊர்க்காரர் எழுதினால், அதைப் படித்தவர் அடுத்தவருக்கும் அனுப்புவார். திருப்பூர் குமரன் பிறந்த ஊர் என்பதால் பள்ளிப் பிள்ளைகளும் தேடி வருவார்கள்.

வீடியோவுக்கும் இதுதான் அடிப்படை. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பம் 2018-ல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ ஆரம்பித்தது. வயல்வெளியில், தங்களுக்குத் தெரிந்த சமையலை, தங்கள் பேச்சிலேயே காட்டினார்கள். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். எல்லோருக்கும் அந்த எண்ணிக்கை வராது. ஆனால் சொந்த ஊரையும் சொந்த வேலையையும் வைத்தே பார்வையாளர்களைச் சேர்க்கலாம் என்பதற்கு அது சாட்சி.

படிப்பவர் எப்படி வருவார்?

தொடங்கச் செலவு இல்லை. கூகுளின் பிளாக்கர் சேவை இலவசம். தமிழ்99 விசைப்பலகையோ, குரல் தட்டச்சோ போதும், பேசினாலே எழுத்தாகிவிடும். பிழை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

• தலைப்பை, மக்கள் கேட்கிற மாதிரி வையுங்கள். “நூலும் வாழ்வும்” என்று யாரும் தேட மாட்டார்கள். “சென்னிமலைப் போர்வை வாங்கும்போது என்ன பார்க்கணும்?” என்று தேடுவார்கள்.

• விடையை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். விளக்கம் பிறகு வரட்டும்.

• படம் நீங்களே எடுத்ததாக இருக்கட்டும். அடுத்தவர் படத்தையும் கட்டுரையையும் எடுத்துப் போட்டால் பதிப்புரிமைப் புகார் வரும். பழைய பக்திப் பாடல்தானே என்று நினைக்காதீர்கள். வரிகள் பழையவையாக இருந்தாலும், ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிக்குத் தனி உரிமை இருக்கலாம்.

• கூகுள் தேடல் கன்சோல் என்ற இலவசக் கருவியை இணையுங்கள். எந்தச் சொல்லைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அது காட்டும். அடுத்து என்ன எழுதலாம் என்பதற்கு அதுவே பட்டியல்.

• வாரம் ஒன்று போதும். ஆனால் ஒரு வருடம் விடாமல் எழுத வேண்டும். பஸ் நேரம், விலை போன்றவை மாறினால் பழைய பதிவைத் திருத்தி, திருத்திய தேதியையும் போடுங்கள்.

காசு எந்த வழியில் வரும்?

முதல் வழி, விளம்பரம். ஆட்சென்ஸ் கணக்குக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் உங்கள் முகவரிக்குத் தபாலில் ஒரு 6 இலக்க எண் வரும். தபால் பின்கோடும் 6 இலக்கம்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தபாலில் வந்த எண்ணைக் கணக்கில் பதிந்தால்தான் பணம் வரும். கதவு எண், தெரு, 638051 என்ற பின்கோடு வரை முகவரி சரியாக இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். மொத்தம் 100 டாலர் சேர்ந்த பிறகே வங்கிக்கு அனுப்புவார்கள். சின்னப் பதிவுக்கு அந்த 100 டாலர் சேரவே பல மாதம் ஆகலாம்.

“நாமளே நாலு தடவை அமுக்கினா என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. சொந்த விளம்பரத்தை நீங்களோ, உங்களுக்காக உறவினர்களோ அமுக்கினால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். சேர்ந்த பணமும் போய்விடும்.

இரண்டாவது வழி, பரிந்துரைத் தரகு. உங்கள் பக்கத்தில் உள்ள இணைப்பு வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் உங்களுக்கு ஒரு பங்கு கிடைக்கும்.

மூன்றாவது வழி, சொந்தப் பொருளும் சொந்தத் திறமையும். சென்னிமலை போன்ற ஊருக்கு இதுதான் பெரிய வழி. விளம்பரத்தில் நூறு பேர் படித்துக் கிடைக்கும் காசை விட, படித்த ஒருவர் நேராக ஒரு போர்வை வாங்கினால் கிடைக்கும் காசு அதிகம். நன்றாக எழுதுபவரைத் தேடிக் கடைக்காரர்களும் வருவார்கள். “எங்க கடைக்கும் இப்படி எழுதிக் கொடுங்க” என்பார்கள். அதுவும் வருமானம்தான்.

நம்பிக்கைதான் முதல்

இங்கேதான் கவனம் வேண்டும். படுக்கை விரிப்பு உள்ளிட்ட 11 வகைத் துணிகள் குறிப்பிட்ட அளவுகோல்களின்படி கைத்தறிக்கென்று 1985-ம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டவை. அசல் கைத்தறியை வாங்குபவர் அடையாளம் காண 2006 முதல் கைத்தறி முத்திரையும் இருக்கிறது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று எழுதி ஒரு தடவை விற்றுவிடலாம். ஆனால் அந்த வாசகர் திரும்பி வர மாட்டார். அடிபடுவது உங்கள் பக்கம் மட்டும் இல்லை. நாள் முழுக்க மிதி மிதித்து நெய்கிறவரின் கூலியும் ஊர்ப் பெயரும் சேர்ந்தே அடிபடும்.

காசு வாங்கியோ, இலவசமாகப் பொருள் வாங்கியோ ஒன்றைப் பற்றி எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022-ல் வந்த விளம்பர வழிகாட்டுதல்களும், இணையப் பிரபலங்களுக்காக 2023 ஜனவரியில் வந்த விளக்கக் குறிப்பும் இதைக் கேட்கின்றன. தமிழில் எழுதினால் அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும். “இது விளம்பரம்” என்று தொடக்கத்திலேயே போடுங்கள்; கடைசி வரியில் ஒளிக்காதீர்கள். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கணக்கு வழக்கு

• பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் ஆட்சென்ஸிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். வெளிநாட்டில் இருந்து பணம் வருவதால் வங்கிக் கிளையின் ஸ்விஃப்ட் குறியீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

• பதிவில் வரும் பணமும் வருமானம்தான். வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். இணையக் கட்டணம், கேமரா போன்ற செலவு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

• தமிழ்நாட்டில் சேவை மூலம் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பவருக்கு விதிகள் வேறு. முதல் பார்சல் அனுப்பும் முன்பே ஆலோசகரிடம் கேளுங்கள்.

• சிறுதொழிலாக நடத்த விரும்பினால் ‘உத்யம்’ பதிவு செய்யலாம். ஆதார், பான் இருந்தால் செல்போனிலேயே முடியும். அரசுத் தளத்தில் கட்டணம் இல்லை. அதற்காக ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

ஏமாற வேண்டாம்

“ஆட்சென்ஸ் கணக்கு ரெடியா இருக்கு, வாங்கிக்கோங்க”, “பத்தாயிரம் ஃபாலோயர்ஸ் 500 ரூபாய்”, “லைக் போட்டா காசு, ஆனா முதல்ல டெபாசிட் கட்டணும்” என்று வரும் வாட்ஸ்அப், டெலிகிராம் செய்திகளை அப்படியே விட்டுவிடுங்கள். விலைக்கு வாங்கிய ஃபாலோயர் படிக்கவும் மாட்டார், போர்வை வாங்கவும் மாட்டார். வேலை தருபவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

தறியையோ, பார்க்கிற வேலையையோ விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம். முதல் வருடம் இதை ஒரு பக்க வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைதான் எழுத விஷயமும் கொடுக்கிறது. இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாடிக்கையாளரோ, வெளியூர்ச் சொந்தமோ உங்களிடம் அடிக்கடி கேட்கும் பத்துக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் கேள்விக்கு, நேரில் சொல்வது போலவே பதிலை எழுதிப் பதிவேற்றுங்கள். மீதி ஒன்பதும் அடுத்த ஒன்பது வாரத்துக்கு ஆச்சு.