படிச்சா சம்பளம் கூடுமா? இந்தோனேசியாவின் 61,000 பள்ளிகள் சொல்லும் பதில்!

‘நல்லா படிச்சா நல்ல வேலை, கை நிறைய சம்பளம்’ - எல்லா வீட்டிலும் கேட்கும் வசனம்தான். படித்தவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால், அந்தச் சம்பளம் படிப்பால் வந்ததா, இல்லை வசதியான வீட்டில் பிறந்ததால் வந்ததா? கேட்பதற்கு சிம்பிளான இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

என்ன சிக்கல்?

படித்த ஒருவரையும் படிக்காத ஒருவரையும் எடுத்து, சம்பளத்தை ஒப்பிட்டால் போதாதா? போதாது. படித்தவர் வீட்டில் பணம் இருந்திருக்கலாம். பெற்றோர் படித்தவர்களாக இருந்திருக்கலாம். வேலைக்கு சிபாரிசு செய்ய ஒரு மாமா இருந்திருக்கலாம். இதையெல்லாம் கழித்துவிட்டு, படிப்பின் பங்கை மட்டும் எப்படி அளப்பது?

எண்ணெய்க் காசில் பள்ளிக்கூடம்

1973-ல் கச்சா எண்ணெய் விலை எகிறியது. எண்ணெய் ஏற்றுமதி செய்துவந்த இந்தோனேசியாவுக்கு வருமானம் கொட்டியது. அதில் ஒரு பகுதியைத் தொடக்கப் பள்ளிகள் கட்ட ஒதுக்கியது சுகார்த்தோ அரசு. 1973-74 முதல் 1978-79 வரை கட்டப்பட்டவை 61,000-க்கும் அதிகம். எந்த மாவட்டத்தில் பள்ளிக்குப் போகாத குழந்தைகள் அதிகமோ, அங்கே அதிகப் பள்ளிகள்.

பிறந்த வருடம்தான் வித்தியாசம்

இந்தத் திட்டத்தை ஆராய்ந்து 2001-ல் கட்டுரை வெளியிட்டார் எஸ்தர் டஃப்லோ. 2019-ல் அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரெமர் ஆகியோருடன் பொருளாதார நோபல் பெற்றவர் இவர்.

1974-ல் 2 முதல் 6 வயதில் இருந்தவர்களுக்குப் புதுப் பள்ளி கிடைத்தது. 12 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. இரு தரப்பும் அதே ஊர், அதே மாதிரி குடும்பங்கள். இவர்களுக்கு இடையிலான இடைவெளி, பள்ளிகள் நிறைய வந்த மாவட்டங்களில் மட்டும் அதிகமாக இருந்தால்? அது பள்ளி செய்த வேலை என்று சொல்லலாம் இல்லையா!

ரிசல்ட் என்ன?

1,000 குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கூடியபோது, அந்தக் குழந்தைகளின் படிப்பு சராசரியாக 0.12 முதல் 0.19 ஆண்டு கூடியது. அவர்கள் வளர்ந்த பிறகு வாங்கிய சம்பளம் 1.5 முதல் 2.7 சதவிகிதம் வரை உயர்ந்தது.

‘இவ்வளவுதானா?’ என்று தோன்றலாம். புதுப் பள்ளி வராவிட்டாலும் படித்திருக்கக்கூடிய குழந்தைகளையும் சேர்த்த சராசரி இது. கூடுதலாகப் படித்த ஓர் ஆண்டுக்கு என்று கணக்கிட்டால், சம்பளம் 6.8 முதல் 10.6 சதவிகிதம் வரை கூடுகிறது. குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆறு வருடப் படிப்புக்கும் இதே அளவில் கூடினால், 10,000 ரூபாய் சம்பளம் சுமார் 14,800 ரூபாய் ஆகும்.

அடுத்த தலைமுறைக்கும்...

கதை அங்கே முடியவில்லை. அந்தக் குழந்தைகள் நடுவயதை எட்டிய பிறகு வேறு ஆய்வாளர்கள் அவர்களின் நிலையைப் பார்த்தார்கள். திட்டத்தால் பயனடைந்த பெண்களின் வீடுகளில் வாழ்க்கைத் தரம் உயர்ந்திருந்தது. அவர்களின் பிள்ளைகளும் கூடுதலாகப் படித்திருந்தார்கள். குறிப்பாக மேல்நிலைக் கல்வியிலும் கல்லூரிப் படிப்பிலும் இந்தப் பலன் பெரிதாகத் தெரிந்தது. அப்பாவை விட அம்மா படித்ததுதான் இங்கே கைகொடுத்தது.

அப்போ எந்தப் படிப்புக்கும் கடன் வாங்கலாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இது பள்ளிக்குப் போகாத குழந்தைகள் அதிகம் இருந்த இடங்களில் தொடக்கப் பள்ளிகள் வந்ததன் பலன். லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டிச் சேரும் ஒரு கோர்ஸுக்கும் இதே லாபம் வரும் என்று இந்த ஆய்வு உத்தரவாதம் தரவில்லை.

அரசுகளுக்கு இதில் இருக்கும் பாடம் வேறு. கூடுதல் வரி வருமானம், உயர்ந்த வாழ்க்கைத் தரம் என எல்லாம் சேர்ந்து, பள்ளி கட்டிய செலவை ஈடுகட்ட 30 முதல் 40 ஆண்டுகள் ஆகும் என்கிறது அந்த இரண்டாவது ஆய்வு. போட்ட காசு திரும்பி வரும். ஆனால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் எந்த அரசும் தன் ஆட்சிக் காலத்திலேயே அந்த லாபத்தைப் பார்க்க முடியாது. பட்ஜெட்டில் கை வைக்க வேண்டும் என்றால் பள்ளிக்கூடம் சுலபமான இலக்காகிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.