பெர்ஷியன் பூனை வேண்டுமா? முதலில் சீப்பை எடுங்கள்!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருக்கிறீர்களா? மீன் கூடைகளுக்கு நடுவே பூனைகள் சுற்றிக்கொண்டிருக்கும். வெயில், மழை எதற்கும் அசராத கில்லாடிகள். ஆனால், உங்களில் பலருக்கு அந்தப் பூனை வேண்டாம். பஞ்சுப் பொதி போல முடி, வட்ட முகம், கோலிக்குண்டு கண்... அந்த பெர்ஷியன் பூனைதான் வேண்டும்! சரி, அப்பாவிடம் அடம் பிடிப்பதற்கு முன்னால், அது எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ளலாமா?

பெர்ஷியா என்பது இன்றைய ஈரான். 1620 வாக்கில், பியேத்ரோ தெல்லா வால்லே என்ற இத்தாலியப் பயணி அங்கே நீள முடிப் பூனைகளைப் பார்த்து வியந்து எழுதினார். (இவர் பிறகு நம் நாட்டுக்கும் வந்து சூரத், கோவா எல்லாம் சுற்றியவர்.) 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பெரிய பூனைக் கண்காட்சியில் பெர்ஷியன்களும் இடம்பெற்றன. வேடிக்கை என்ன தெரியுமா? 2008ல் வெளியான மரபணு ஆராய்ச்சியில், இன்றைய பெர்ஷியன் பூனைகள் மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. பெயர் பெர்ஷியா, வளர்ந்தது குளிர் நாடு!

இப்போது முடிக்கு வருவோம். மேலே நீள முடி, அதற்கு அடியில் பஞ்சு போல இன்னொரு அடுக்கு. சாதாரணப் பூனை நாக்காலேயே நக்கித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். பெர்ஷியனுக்கு அந்த நாக்கு மட்டும் போதாது. தினமும் கால் மணி நேரம் நீங்கள் வாரிவிட வேண்டும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கு, வயிறு... இந்த இடங்களில்தான் முதலில் சிக்கு விழும். சில நாள் விட்டால் சிக்கு சடையாகும். சடை தோலை இழுக்கும், வலிக்கும், புண்ணாகும். கத்திரிக்கோலால் வெட்டப் போனால் தோலும் சேர்ந்து வெட்டுப்படும். டாக்டரிடம்தான் ஓட வேண்டும்.

கால் மணி நேரம்தானே என்கிறீர்களா? வருடத்துக்கு 91 மணி நேரம்! இந்தப் பூனைகள் 12 முதல் 15 வருடம் கூட வாழும். இப்போது நீங்கள் ஐந்தாம் வகுப்பு என்றால், காலேஜ் முடித்து வேலைக்குப் போகும் வரை சீப்பு உங்கள் கையில்தான்.

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. 2011 வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கினார்கள். மொட்டை மாடியில் காயப் போட்ட துணியில் கரி படிந்த கதையை ராயபுரத்துப் பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள். வழக்கு நடந்து, நீதிமன்ற உத்தரவால் அது நின்றது. இப்போது நிலக்கரிக் கப்பல்கள் எண்ணூர் பக்கம் வருகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் சேர்ந்து எண்ணூர், திருவொற்றியூர் பகுதி வீடுகளுக்குள் புகுந்ததே, நினைவிருக்கிறதா? நீள முடிப் பூனை ஒரு நடமாடும் துடைப்பம். தூசி, கரி, எண்ணெய் எது ஒட்டினாலும் அதை நக்கும். நக்கியது வயிற்றுக்குள் போகும். அதனால் வீட்டுக்குள்ளேயே வளர்க்க வேண்டும். ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும். கண்டெய்னர் லாரிகள் ஓடும் தெருவில் விடவே கூடாது.

வீட்டுக்குள்ளும் ஆபத்து இருக்கிறது. பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து, பூனை பாதத்தை நக்கினால் அது விஷம். பூனையின் கல்லீரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது. காய்ச்சலுக்கு நமக்குத் தரும் பாராசிட்டமாலும் அப்படித்தான். ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும்!

அடுத்தது வெயில். பூனைக்குப் பாதத்தில் மட்டும்தான் நன்றாக வியர்க்கும். இதில் பெர்ஷியனுக்குச் சப்பை மூக்கு வேறு. வாயைத் திறந்து நாய் போல மூச்சு வாங்கினால் அது விளையாட்டு இல்லை, அவசரம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாதம், கரண்ட் கட் இந்த மூன்றும் சேரும் வீடு என்றால், இந்தப் பூனை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

விற்பவர்கள் 'டால் ஃபேஸ்', 'பஞ்ச் ஃபேஸ்' என்றெல்லாம் பேசுவார்கள். டால் ஃபேஸுக்கு மூக்கு ஓரளவு வெளியே தெரியும். பஞ்ச் ஃபேஸ் என்றால் குத்து வாங்கியது போல அமுங்கிய முகம். விலை அதிகம் சொல்வது பெரும்பாலும் இதற்குத்தான். ஆனால், மூக்குத் துவாரம் சிறுத்து மூச்சு விடத் திணறுவதும் இதுதான். கண்ணீர் ஓயாமல் வழிவதால் தினமும் துடைத்துவிட வேண்டும். மனிதர்களுக்கு அழகாகத் தெரியட்டும் என்று ஒரு பிராணியின் மூக்கையே சப்பையாக்கிவிட்டார்கள், பாவம்!

அப்பா சம்மதித்துவிட்டாரா? குட்டியைப் பார்க்கும்போது அதன் தாயையும் காட்டச் சொல்லுங்கள். தாய்ப் பூனை சத்தமில்லாமல் மூச்சு விடுகிறதா, முடி உதிர்ந்த வட்டத் திட்டுகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். அந்தத் திட்டு படர்தாமரையாக இருக்கலாம், உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கடையில் விற்கக் கூடாது என்று 2018ல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது. தடுப்பூசி அட்டையில் டாக்டர் கையெழுத்து இருக்க வேண்டும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் இந்த இனத்தில் அதிகம். தாய், தகப்பன் பூனைகளில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கும் வரலாம். ஸ்கேன், மரபணுச் சோதனை மூலம் இதைக் கண்டுபிடிக்கலாம்.

பெரியவர்களோடு வேப்பேரி போய் வருவது நல்லது. 1903ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. ராயபுரத்திலிருந்து தூரமும் இல்லை.

சாப்பாடு? காசிமேட்டு மீன் இருக்கிறதே என்று அதையே தினமும் போடக் கூடாது. மீன் மட்டும் தின்றால் சத்துக் குறையும். வெறும் பால் சோறும் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பூனைத் தீனி, வேகவைத்த கோழி, முள் எடுத்து உப்பு, காரம் இல்லாமல் அவித்த மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம்.

இன்னும் ஆசை விடவில்லையா? ஒரு பந்தயம்! காலண்டரை எடுங்கள். இன்று முதல் முப்பது நாள், தினமும் கால் மணி நேரம் பாட்டிக்கோ அக்காவுக்கோ வலிக்காமல் சிக்கெடுத்துத் தலை வாரிவிடுங்கள். பரீட்சை நாளுக்கும் லீவு கிடையாது. கிரிக்கெட் மேட்ச் இருந்தாலும் கிடையாது. வாரிய நாளுக்கு ஒரு டிக். முப்பது டிக்கும் விழுந்த பிறகு காலண்டரை அப்பாவிடம் நீட்டுங்கள்.