ஆறு ஆறு ஆறு என்று திறந்து வைக்காதீர்கள்

மே மாதத்தில் பிடிக்கும் மழை நோர்வூட்டில் பல நாள் கரன்டையும் கொண்டுபோய்விடும். கரன்ட் வந்து கடைக் கணினியைப் போட்டால், நேற்றுவரை வேலை செய்த கைரேகைக் கருவி 'அனுமதி இல்லை' என்று நிற்கும். கருவியில் பழுதில்லை. நேற்றுக் கொடுத்த அனுமதிதான் அழிந்துபோயிருக்கிறது.

லினக்ஸில் சாதனங்கள் 'டெவ்' என்ற அடைவுக்குள் கோப்புகளாகத் தெரியும். அந்த அடைவு இருப்பது வட்டில் அல்ல, நினைவகத்தில். கேபிளைக் கழற்றி மாட்டினாலே கோப்பு புதிதாகப் பிறக்கும். 'சிஎச்மாட்' கட்டளையால் கொடுத்த அனுமதி பழைய கோப்போடு போய்விடும். மடுவத்தில் கொழுந்து நிறுத்துத் துண்டில் எழுதிய கணக்கு செக்ரோல் பதிவேட்டில் ஏறாவிட்டால் சம்பள நாளில் என்ன ஆகும்? அதே கதைதான்.

இந்தத் தொல்லை தாங்காமல் பலர் 666 என்று போட்டுவிடுகிறார்கள். வாசிக்க 4, எழுத 2, கூட்டினால் 6. முதல் ஆறு உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி ஆறு மற்ற எல்லாருக்கும். அந்த 'எல்லாரில்' விண்ணப்பம் தட்டச்சு செய்ய வந்த வாடிக்கையாளரின் கணக்கும் உண்டு, அதில் ஒட்டிக்கொண்ட தீய நிரலும் உண்டு. கைரேகையைக் கடவுச்சொல் மாதிரி மாற்ற முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய உடலடையாளத் தரவைச் சிறப்பு வகையில் வைத்திருப்பது சும்மா அல்ல.

செக்ரோலில் ஏற்றுவதற்குச் சமமான வேலையைச் செய்வது லினக்ஸின் சாதன மேலாளரான 'யூடெவ்'. முதலில் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையால் கருவியின் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஈடிசி' அடைவில் 'யூடெவ்', அதற்குள் 'ரூல்ஸ் டாட் டி'. அங்கே 70இல் தொடங்கி 'ரூல்ஸ்' என்று முடியும் பெயரில் ஒரு கோப்பு. அதில் ஒரே வரி போதும்: இந்த இரண்டு எண்களும் உள்ள கருவி வந்தால் குழு இன்னது, அனுமதி 0660. பொருந்துகிறதா என்று பார்க்க இரட்டைச் சமக்குறி, மதிப்புக் கொடுக்க ஒற்றைச் சமக்குறி. பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பிறகு 'யூடெவ்ஆட்ம்' கட்டளையால் விதிகளை மறுபடி ஏற்றிவிட்டு, கருவியைக் கழற்றி மாட்டுங்கள். விதியிலேயே 0666 எழுதினால் திறந்த கதவை நிரந்தரமாக்கியதாகும்.

தொடர்நிலைக் கேபிளில் வரும், கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசுக்குப் பெரும்பாலும் விதியே வேண்டாம். உபுண்டுவிலும் டெபியனிலும் அது ஏற்கெனவே 'டயல்அவுட்' குழுவில்தான் இருக்கும். பயனரை அந்தக் குழுவில் சேர்த்து, வெளியேறி உள்ளே வந்தால் சரி. இரண்டு தராசு மாட்டினால் மட்டும் அவற்றின் கோப்புப் பெயர்களின் கடைசியில் வரும் 0, 1 என்ற எண்கள் இடம் மாறலாம்; ஒருவர் பறித்த கொழுந்து இன்னொருவர் பேரில் ஏறுவது சின்ன விஷயமா? விதியில் 'சிம்லிங்க்' மூலம் ஒவ்வொன்றுக்கும் நிலையான பெயர் வையுங்கள்.

யாராவது அனுமதியின்றி உங்கள் கணினிக்குள் நுழைந்தால், அது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். பொலிஸில் முறையிடலாம், இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101இல் அழைக்கலாம். அதற்குமுன் பதிவுகளை அழித்துவிடாதீர்கள்.