வேர் போன ஆர்க்கிட்டுக்கு வைத்தியம்

பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம் பக்கம் ஆர்க்கிட் வளர்ப்பதாகச் சொன்னால், இந்த வெயிலுக்குத் தாங்குமா என்றுதான் முதலில் கேட்பார்கள். மரவாழை என்று நம் பெரியவர்கள் அழைத்த வாண்டா வகை, தமிழகத்தின் வறண்ட சமவெளிகளிலேயே மரக்கிளையைப் பற்றிக்கொண்டு தானாக வளர்கிறது. வெப்பம் அதற்குப் புதிதல்ல. நான் பார்த்தவரை நம் வீடுகளில் ஆர்க்கிட்டைக் கொல்வது வெயிலைவிட அதிகமாகத் தண்ணீர்தான். இலை சுருங்கியதும் தாகம் என்று எண்ணி இன்னொரு செம்பு ஊற்றுகிறோம். குடிக்க வேரில்லாத செடிக்கு அந்தத் தண்ணீர் நஞ்சு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அப்படி வெள்ளத்தில் மூழ்கி எழும் தொட்டிகளில் இலை சில வாரம் பச்சையாகவே நிற்கும். உள்ளே வேர் மூச்சுத்திணறி அழுகியிருப்பது வெளியே தெரியாது.

வேரைத் தொட்டுப் பாருங்கள்

மரத்தில் வாழும் ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வேலமென் என்ற பஞ்சுபோன்ற உறை உண்டு. மழைநீரையும் பனிநீரையும் உறிஞ்சி வைப்பது அதுதான். காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. விரலால் அழுத்தினால் நல்ல வேர் கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் நசுங்கி நீர் விடும். இழுத்தால் உறை கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சும்.

எல்லா வேரும் போயிருந்தாலும் குருத்தும் அடித்தண்டும் கெட்டியாக இருந்தால் செடியைப் பிழைக்க வைக்கலாம். ஃபெலனாப்சிஸ் வகையில் குருத்தே கறுத்துக் குழைந்துவிட்டால் நம்பிக்கை குறைவு. அபூர்வமாக அடியிலிருந்து ஒரு கன்று வரும். டெண்ட்ரோபியம் வகைக்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை. பழைய தண்டின் கணுவிலிருந்துகூட அது கன்று விடும்.

இந்த ஊரில் குளிரா?

தூத்துக்குடிக் கரையில் மார்கழி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனாலும் குளிர் தாக்கிய செடிகள் இங்கே வந்து சேர்கின்றன. குளிரூட்டிய வண்டியில் கொய்மலர்களோடு ஏற்றி வரப்பட்டவை, மலையூரில் வாங்கி இரவெல்லாம் குளிரில் வைத்திருந்தவை, ஐஸ் தண்ணீர் ஊற்றப்பட்டவை.

ஃபெலனாப்சிஸுக்கு 12 டிகிரிக்குக் கீழே போனாலே ஆபத்து. 7 டிகிரிக்கும் கீழே சென்றால் இலையின் உள் திசுக்கள் சிதைகின்றன. இதில் கொடுமை என்னவென்றால், அடையாளம் உடனே தெரியாது. சில வாரங்கள் கழித்து இலையின் மேற்பரப்பில் குழிகுழியாகப் பள்ளம் விழுந்து, பிறகு பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறும். அதற்குள் நாம் வேறு எதையாவது காரணம் சொல்லி மருந்தடித்திருப்போம்.

குளிர் பட்ட செடியை வெயிலில் வைத்துச் சூடேற்றாதீர்கள். நிழலில், 25 டிகிரியை ஒட்டிய இடத்தில், இலை நனையாமல் வைத்தால் போதும். பள்ளம் விழுந்த இலை காய்ந்திருந்தால் வெட்ட வேண்டாம். மிச்சமிருக்கும் பச்சைதான் செடிக்குச் சோறு. நீர் கோத்து, கெட்ட வாடையோடு பரவும் புள்ளி மட்டும் வேறு கதை. அது பாக்டீரியா அழுகல். நல்ல பகுதிவரை உடனே வெட்டி எறிய வேண்டும்.

ஊட்டியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் சிம்பிடியத்துக்கு நேர் எதிரான சிக்கல். அது மொட்டு வைக்கக் குளிர்ந்த இரவு வேண்டும். அதை இங்கே கொண்டுவந்து வதைக்க வேண்டாம்.

வெட்டுங்கள், பிறகு காத்திருங்கள்

பிளேடைத் தீயில் காட்டி ஆறவிட்டு அழுகிய வேரை முழுதும் வெட்டுங்கள். ஒவ்வொரு செடிக்கும் மறுபடி தீயில் காட்டுங்கள். வெட்டிய முனையில் மட்டும் சமையலறைப் பட்டைப் பொடி தொட்டு வைக்கலாம்; நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திக் கெடுக்கும். ஒரு நாள் நிழலில் ஆறட்டும்.

பிறகு ஈரக்காற்றுதான் மருந்து. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில், பிழிந்து எடுத்த ஸ்பாக்னம் பாசியைக் கொஞ்சம் பரப்பி, செடியின் அடி அதில் புதையாமல் மேலே உட்காரும்படி வையுங்கள். மூடியைத் தினமும் சற்றுத் திறந்து காற்று விடுங்கள். நேர்வெயில் கூடாது, டப்பாவுக்குள் செடி வெந்துவிடும். ஆனி, ஆடியில் வீசும் வறண்ட மேல்காற்று மூடாத செடியை ஒரே வாரத்தில் உலர்த்திவிடும்.

உரம் இப்போது வேண்டவே வேண்டாம். காய்ச்சலில் கிடப்பவருக்கு விருந்து வைப்பதில்லை. பச்சை நுனியோடு புது வேர் எட்டிப் பார்க்க ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். பூவுக்கு ஒன்றிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். இடையில் மொட்டு வந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள்.

உப்பு

கடலோரக் கிணற்று நீரும் போர்த் தண்ணீரும் புது வேர் நுனியைக் கருக்கும். குடிநீருக்கே கரைந்த திடப்பொருள் அளவு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் 200க்குள் தேடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை மூடிய டிரம்மில் பிடித்து வைத்தால் அதைவிட நல்ல நீர் இல்லை. தொட்டியில் நிரப்பும் தேங்காய்மட்டைத் துண்டுகளிலும் உப்பு இருக்கும். பல முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்த பிறகே பயன்படுத்துங்கள். அதோடு விளாத்திகுளம் பக்கத்துக் கரிமூட்டங்களில் கிடைக்கும் சீமைக்கருவேலக் கரியைச் சேர்த்தால் தொட்டியில் தண்ணீர் தேங்காது.

வேர் தூண்ட வெளிநாட்டுக் கடல்பாசிச் சாற்றை அதிக விலைக்கு வாங்குகிறார்கள். நம் மன்னார் வளைகுடாக் கரையில், மண்டபம் பகுதியில் பெண்கள் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்தும் இப்படிச் சாறு எடுக்கிறார்கள். அந்த முறையை உருவாக்கியது பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். ஆக்சின், சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கிகள் அதில் உண்டு. ஆனால் அது கடலிலிருந்து வந்தது, உப்புள்ளது. வயலுக்குச் சொல்லும் அளவைவிட அதிகமாக நீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை தெளித்தால் போதும்.

உங்கள் உடம்பையும் பாருங்கள்

ஈரத்துக்காகச் செடியின் கீழே வைக்கும் தட்டில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு அப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. வெள்ளத்தில் கிடந்த தொட்டியைப் பிரிக்கும்போது எலிக்காய்ச்சல் பயம் உண்டு. கையுறையும் செருப்பும் இல்லாமல் தொடாதீர்கள்.

ஸ்பாக்னம் பாசியில் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை இருக்கலாம். 1988இல் அமெரிக்காவின் 14 மாநிலங்களில் 84 பேருக்கு இந்தத் தொற்று வந்தது. பாசியில் பொதிந்த மரக்கன்றுகளைக் கையாண்டவர்கள் அவர்கள். முள் கீறிய இடத்தில் வலியில்லாத சிறு கட்டி எழும்பி, ஆறாமல் புண்ணாகி, கையோடு மேலே வரிசையாகக் கட்டிகள் வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். சாதாரணப் புண்ணுக்குத் தரும் ஆண்டிபயாட்டிக் இதற்குக் கேட்காது. பூஞ்சைக்கான மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். பாசியில் கை வைத்து வேலை செய்ததை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியில்லை.