பழைய பாக்கி!

‘உனக்கெல்லாம் இங்கிலீஷ் வராதுடா!’ எட்டாங்கிளாஸில் ஒரு வாத்தியார் என்னிடம் சொன்னது. உங்களுக்கும் யாராவது இப்படி ஏதாவது சொல்லியிருப்பார்களே? பி.காம். படித்தவன் பாஷையில் இது பழைய பாக்கி. வருஷா வருஷம் அடுத்த பக்கத்துக்கு ஏற்றிக்கொண்டே இருக்கிறோம்.

‘கண்ணாடி முன்னால நின்னு, நான் சிங்கம்னு தினம் சொல்லு’ என்பார்கள். கனடாவில் ஜோன் வுட் என்ற உளவியல் பேராசிரியை இதைச் சோதித்து 2009-ல் எழுதினார். தன்மதிப்புக் குறைந்தவர்கள் தங்களைப் புகழ்ந்து சொல்லிக்கொண்டபோது, சொல்லாதவர்களைவிட அதிகமாகச் சோர்ந்து போனார்களாம்! உள்ளே ஒருத்தன், ‘அடப் போடா’ என்கிறான் போலிருக்கிறது.

எங்க மகாராஜபுரத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆண்டாள், திருப்பாவை இரண்டாம் பாட்டில் நோன்புக்குச் சங்கல்பம் செய்கிறாள். ‘நான் உசத்தி’ என்ற பேச்சே இல்லை. விடியலில் குளியல். நெய், பால் கிடையாது. கண்ணுக்கு மை, தலைக்குப் பூ கிடையாது. கோள் சொல்லக் கூடாது. தானம் கொடுக்கணும். எல்லாமே செய்வதும் விடுவதும்தான்!

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதியதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. எப்போது, எங்கே, என்ன செய்வேன் என்று குறித்துக்கொண்டால் காரியம் நடக்க வாய்ப்பு அதிகமாம்.

அதனால் ‘நான் இங்கிலீஷ் புலி’ வேண்டாம் சார். ‘திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் நிறுத்தியதும், இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.’ அவ்வளவுதான். குரல் நடுங்குமா? நடுங்கட்டும்.

தூக்கமும் சாப்பாடும் கெடுகிற காயம் என்றால் மட்டும் இந்த வைத்தியம் பற்றாது. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ இருக்கிறது. 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.