கம்பி கழற்றியாயிற்று, பல் நிற்குமா?

பல் கம்பியைக் கழற்றியதும் கண்ணாடியில் வரிசை நேராகத் தெரிகிறது. பிறகு ரிட்டெய்னர் எதற்கு என்று கேட்கும் மாணவர்களே, பல் தாடையில் ஆணிபோல் அறையப்பட்டதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அதிலுள்ள கொலாஜன் நார்கள்தாம் பல்லைத் தொட்டில்போல் தாங்குகின்றன.

கம்பி பல்லைத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் எலும்பைக் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. இப்படித்தான் பல் மாதத்திற்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகர்கிறது.

வேரைச் சுற்றிய நார்கள் 3, 4 மாதங்களில் புது இடத்திற்குப் பழகிவிடும். ஆனால், பல்லின் கழுத்தைச் சுற்றி ஈறில் இருக்கும் மீள்நார்கள் பொல்லாதவை! இழுத்துப் பிடித்த ரப்பர் வளையம்போல், ஓராண்டு ஆன பின்பும் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். திருகியிருந்து நேராக்கப்பட்ட பல்லில் இந்த இழுவை அதிகம். அதைத் தடுத்துப் பிடிப்பதே ரிட்டெய்னரின் வேலை.

அமெரிக்கரான சார்லஸ் ஹாலி 1919இல் விவரித்த, கம்பியும் தகடும் சேர்ந்த வகை இன்றும் புழக்கத்தில் உள்ளது. பல்லின் பின்புறம் ஒட்டும் மெல்லிய கம்பி இன்னொரு வகை. உங்களில் பலர் அணிவது கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறை. வெந்நீரில் கழுவினால் அது உருமாறிவிடும். குளிர்ந்த நீரும் மென்மையான பிரஷும் போதும். அதை அணிந்தபடி தே தாரிக் குடித்தால் சூடும் கெடுதல், உறைக்குள் தேங்கும் சர்க்கரையும் கெடுதல். சிற்றுண்டிச்சாலையில் டிஷ்யூவில் சுற்றி வைத்தால் அது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் குப்பைத்தொட்டிதான். பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள்.

சில நாள் போடாமல் விட்டு மறுபடி அணியும்போது இறுக்கமாக இருந்தால், பல் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். உள்ளே போகவே மறுத்தால் அழுத்தித் திணிக்காமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் ஜார்ஜ்டவுனுக்குப் பல் பராமரிப்பில் பழைய பெருமை உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கும் பல் மிஸ்ஸிகளுக்கான பயிற்சிப் பள்ளி 1949இல் இங்குதான் தொடங்கியது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, இணையத்தில் மலிவாக விற்கும் வண்ண வண்ண 'பேஷன்' ரிட்டெய்னரை வாங்கி மாட்டுவது எனக்குப் புரிவதில்லை. உங்கள் வாயை அளவெடுக்காமல் செய்த பொருள் பல்லைப் பிடித்து வைக்காது. வேறு பக்கம் தள்ளவும் கூடும். பதிவு பெறாதவர் பல் சிகிச்சை செய்வது 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி குற்றம்.

எத்தனை காலம் அணிவது? முதலில் மருத்துவர் சொன்ன நேரப்படி, பின்னர் இரவில் மட்டும், ஆண்டுக்கணக்கில். கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கியடித்துக்கொள்ளும். வீட்டில் தாத்தா சிரிக்கும்போது கவனித்துப் பாருங்கள்.